தலைவர் நாற்காலியின் உயரம்

பிப்ரவரி 3
பாலைவனத்து ஹர்மட்டான் காற்றின் தூசி இன்றும் ஓயவில்லை. வண்ணத்தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கையில் அழைப்பு வந்தது: எங்கள் லாகோஸ் பங்குச் சந்தையிலிருந்து ஓய்வுபெறும் தலைவர் இபிரோன்கே அம்மையாரின் உருவப்படத்தை நான் வரைய வேண்டுமாம். ஓவியக் கல்லூரியின் படியை மிதியாதவள் நான். கடைப் பலகைகள் எழுதிப் பழகிய கை இது. ஆட்சிக்குழு அறைச் சுவரில் என் கையொப்பம்! குழு ஒப்பினால்தான் படம் சுவரேறும் என்பது நிபந்தனை. ஒப்பாமல் என்ன செய்வார்கள்?

பிப்ரவரி 10
சுவரைக் கண்டேன். முதல் தலைவர் ஆங்கிலேயர், நெடிய உருவம். அவருக்குப் பின் நம்மவர்கள், அக்பாடா அங்கிகள் விரிய. அனைவரும் ஒரே நாற்காலியில், வலக்கை சந்தையைத் திறக்க அடிக்கும் மணியருகே. அவ்வரிசையில் அமரப்போகும் முதல் பெண்மணி இபிரோன்கே அம்மையாரே.
"வயித்தைக் கொஞ்சம் குறைச்சுப் போடுவியா, மொரெனிகே?" என்றார் அம்மையார், அதே நாற்காலியில் அமர்ந்தபடி.
"சந்தையையே ஏத்தி இறக்குனவங்க நீங்க. வயித்தை மட்டும் நான் இறக்கணுமாம்மா?"
மணி அதிரச் சிரித்தார்.

பிப்ரவரி 19
நாற்காலியில் அமர்ந்தால் அவருடைய பாதங்கள் தரையைத் தொடவில்லை. இதை ஏன் முதல் நாளே காணவில்லை நான்?

மார்ச் 4
உள்ளபடியே வரைந்து முடித்தேன். பாதங்களுக்கும் கம்பளத்துக்கும் இடையே நான்கு விரல் வெளிச்சம். படத்திலேயே சிறந்த இடம் அதுதான்.
குழுச் செயலாளர் எகுந்தாரே பார்க்க வந்தார். "என்னம்மா இது, தலைவர் ஊஞ்சல்ல உட்கார்ந்த மாதிரி? மத்த படத்துல எல்லாருக்கும் கால் தரையிலதானே இருக்கு? இறக்கு. இல்லேன்னா காலேஜ் வாத்தியாரை வரையச் சொல்லிடுவாங்க."
"கண்டதை மாற்றி எழுதும் வழக்கம் எனக்கில்லை, ஐயா" என்றேன்.

மார்ச் 5
என் கணவர் குபென்ரோ வழி சொன்னார்: "அம்மா இடுப்புல சுத்தியிருக்கிற துணியை நாலு விரல் நீட்டிடு. காலும் மறைஞ்சிடும், உனக்குச் சுவரும் கிடைச்சிடும்."
துணிக்கான நீலம் குழைத்தேன். தூரிகையை எடுத்தேன். முடியல. ஏன் முடியல? யாரு பார்க்கப் போறா அந்த நாலு விரல? — நான் பார்ப்பேனே.

மார்ச் 9
அம்மையாரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். கம்பளத்துக்கு மேலிருந்த வெளிச்சத்தை விரல்களால் அளந்தார்.
"அந்த வெள்ளைக்காரருக்குச் செஞ்ச நாற்காலி. கூட்டம் நீண்டா எனக்குக் கால் மரத்துப்போகும், எழுந்து நின்னுடுவேன். அம்மாவுக்குக் கோபம்னு அத்தனை பேரும் அடங்கிடுவாங்க."
தமக்கு முன்னிருந்த தலைவர் ஒலுகோயா ஐயாவைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னார். மறுமுனைச் சிரிப்பு எனக்கே கேட்டது. "உனக்குமா? நான் மேசைக்கடியில டெலிபோன் புத்தகத்தைப் போட்டுக் கால் வச்சிருந்தேன்! படம் போட்டவன்தான் புண்ணியவான், காலை நீட்டிட்டான்."
வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஒண்ணும் மாத்தாதே. அடுத்து வர்றவர் உட்கார்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கட்டும்."

மார்ச் 20
குழு கூடிற்று. ஒலுகோயா ஐயா கைத்தடியுடன் வந்து, எவரையும் கேளாமல் அந்த நாற்காலியில் ஏறி அமர்ந்தார். காலணிகள் அந்தரத்தில் ஆடின. "இப்ப அவ படத்துல என்ன தப்புன்னு சொல்லுங்கப்பா."
எகுந்தாரே இருமினார். ஒப்பினார்கள்.

மார்ச் 21
காராமணி அரைத்து மொயின்-மொயின் அவித்தேன். மூன்று தின்றேன்.

ஏப்ரல் 2
படம் சுவரேறியது; வலது மூலையில் என் முழுப்பெயர். புதிய தலைவர் குள்ளமானவர். படத்தைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், தச்சரை வரவழைத்தார்.
நாற்காலிக் கால்களிலிருந்து அவர் அறுத்தெடுத்த நான்கு மரத்துண்டுகளையும் கேட்டு வாங்கி வந்தேன். மூன்றை என் ஓவியத் தாங்கியின் மூன்று கால்களுக்கு அடியில் வைத்தாயிற்று. இனிக் குனிந்து வரைய வேண்டியதில்லை. நான்காவதைக் குபென்ரோ கேட்டார், ஆடுகிற சாப்பாட்டு மேசைக்காம். கொடுத்தேன்.