கூந்தலைப் பார்த்து எடுத்த பெண்

ஃபெஸ்,
3 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை ஜவாத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அவர் அம்மா லல்லா கெந்ஸா என்னைத் துணியில்லாமலே பார்த்துவிட்டார். வியாழக்கிழமை ஹம்மாமில், பெண்கள் எல்லோரும் குளிக்கும் கூடத்தில், வெந்நீர் வாளியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “முதுகு தேய்ச்சு விடட்டுமாம்மா?” என்றார். தேய்க்கவில்லை. என் கூந்தலைக் கையில் சுருட்டித் தூக்கிப் பார்த்தார், கசாப்புக் கடையில் தொடைக்கறியைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

“எல்லாம் சொந்த முடிதானே?”

“சொந்தம்தான் லல்லா.”

முன்பு என் உச்சந்தலை வெளியே தெரிந்ததும், தலையில் போன முடி தாடையில் முளைத்ததும் உனக்கும் அம்மாவுக்கும் இங்குள்ள டாக்டருக்கும்தான் தெரியும். சினைப்பையில் நீர்க்கட்டி என்று அவர் எழுதிக்கொடுத்த மாத்திரைதான் முடியைத் திருப்பிக் கொடுத்தது. “வாயத் திறந்தே, கண்ணு பட்டுடும்” என்கிறாள் அம்மா. கல்யாணத்துக்கு வருவாய்தானே?

உன் நுஸ்ஹா

பிரஸ்ஸல்ஸ்,
15 ஏப்ரல் 1996

ஆசைத் தங்கைக்கு,

வாழ்த்துகள், உனக்கும் கூந்தலுக்கும். எனக்கு லீவு கிடைக்காது. மருந்துக்கடையில் நிற்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். முடி தந்த அந்த மாத்திரை கர்ப்பத்தையும் தடுக்கும். டாக்டர் இதைச் சொன்னபோது நீ கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாய். நிறுத்தினால் சில மாதங்களில் முடி மறுபடி கொட்டும். உன் மாமியாருக்குக் கூந்தலும் வேண்டும், பேரனும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தரும் மாத்திரை எங்கள் கடையில் இல்லை.

கட்டி இருந்தால் பிள்ளை பிறக்காது என்றில்லை. அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது. ஆனால் வைத்தியத்துக்கு முதலில் வாயைத் திறக்க வேண்டும். ஜவாத்திடம் இப்போதே சொல். ஓடினால் ஓடட்டும், நீ நம் வீட்டில் இருப்பாய். முப்பத்தாறு வயதில் கல்யாணமாகாதவள் சொல்லும் புத்தி, விலை கிடையாது.

ஸுஹூர்

ஃபெஸ்,
20 ஜனவரி 1997

அக்கா,

நான் சொல்லவில்லை. திட்டாதே. ஜவாத் நல்லவர். அவர் அம்மா என்ன நினைக்கிறார் என்று தெரிந்த பிறகு அவரும் அதையே நினைப்பார்.

வியாழன்தோறும் ஹம்மாமில் லல்லாவே என் தலைக்குக் களிமண் பூசி அலசுகிறார். உதிர்ந்த முடியை ஒன்று விடாமல் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்து, வீட்டில் எரிக்கிறார். யார் கையிலாவது கிடைத்தால் சூனியம் வைப்பார்களாம். பிள்ளைக்காகப் போன இலையுதிர் காலத்தில் மாத்திரையை நிறுத்தினேன். இப்போது கைக்குட்டை போதவில்லை.

“யாரோ செஞ்சிருக்காங்க” என்றார் லல்லா. கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

போன வாரம் என் பெட்டியில் மிச்ச மாத்திரைகளைக் கண்டுபிடித்து, மருந்துக்கடையில் கேட்டுவிட்டு வந்தார். “இது புள்ள வராம இருக்கத் திங்கறதாமே. யாரு குடுத்தா?”

“அக்கா அனுப்பிச்சா... சத்து மாத்திரைன்னு.” என் வாய்தான் சொன்னது, அக்கா.

என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். “பாவம்டி நீ! கல்யாணமாகாதவ வயித்தெரிச்சல் உன் வயித்துல வந்து விடிஞ்சிருக்கு.” இந்த வீட்டில் என்னை யாரும் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

தினமும் காலையில் ஒரு கறுப்புக் கஷாயம் தருகிறார். வாந்தி எடுக்கும்போது நெற்றியைப் பிடித்துக்கொள்கிறார். எடுத்து முடித்ததும் மறுபடி ஊற்றுகிறார். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. இதை அம்மா மூலம் தபாலில் சேர்க்கிறேன். மன்னித்துவிடு.

நுஸ்ஹா

ஃபெஸ்,
2 ஏப்ரல் 1997

ஸுஹூர் அவர்களுக்கு,

லல்லா பக்கத்தில் அமர்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நீங்கள் என்னை ஏமாற்றி அந்த மாத்திரைகளை அனுப்பியது ஏன்? யாரிடம் சூனியம் வைத்தீர்கள்? எங்கே புதைத்திருக்கிறது? பதில் வராவிட்டால், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் என்னை ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரியவரிடம் அழைத்துப் போவார்கள். உடம்பில் இருக்கும் ஜின் வெளியேறும்வரை அவர் பிரம்பால் அடிப்பார். போனவர்களில் பலர் நடந்தே திரும்பியிருக்கிறார்களாம். அம்மாவை இனி இங்கே விடமாட்டார்கள். நீங்கள் நேரில் வந்தால் கதவு திறக்காது. பதில் கடிதத்தை லல்லாவே படிப்பார்.

நுஸ்ஹா

பிரஸ்ஸல்ஸ்,
10 ஏப்ரல் 1997

மரியாதைக்குரிய லல்லா கெந்ஸா அவர்களுக்கு,

என் குரல் கேட்டதும் போனை வைத்துவிடுகிறீர்கள். ஆகவே எழுதுகிறேன்.

நான்தான் செய்தேன். தங்கைக்குக் கல்யாணம், எனக்கு இல்லை. பொறாமை. சத்து மாத்திரை என்று சொல்லி அனுப்பினேன். அவள் நம்பிச் சாப்பிட்டாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. சூனியக்காரன் இல்லை, புதைத்தது எதுவும் இல்லை, ஜின்னும் இல்லை. இருப்பது நான் மட்டும்தான். அவளை அடித்தால் நான் வெளியே வரமாட்டேன்.

கஷாயத்தை உடனே நிறுத்துங்கள். அது சேரச் சேர என் மருந்தின் விஷம் ஏறும். அப்படிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். மாற்று மருந்து பெண்கள் டாக்டரிடம் இருக்கிறது. சினைப்பை என்று சொன்னால் போதும், மற்றதை அவர் கேட்டுக்கொள்வார். முறையாகப் பார்த்தால் பிள்ளைக்கு வழி உண்டு. அதன் பிறகு கூந்தலுக்கும் உண்டு. பொறுமை வேண்டும். உங்களுக்கு அது உண்டென்று கேள்விப்பட்டேன்.

என்னை எப்படி வேண்டுமானாலும் சபியுங்கள். அவள் காதில் விழும்படியே சபியுங்கள். நான் இனி எழுதமாட்டேன், ஊருக்கும் வரமாட்டேன்.

பெருநாளுக்கு இன்னும் எட்டு நாள். இங்கே தபால்காரர்கள் வேலைநிறுத்தம் என்கிறார்கள். அதற்குள் இது உங்களிடம் வந்து சேருமா என்று தபாலாபீஸ் பெண்ணைக் கேட்டேன். “போயிடும்னுதான் நினைக்கிறேன்” என்றாள்.

உங்கள் மருமகளின் முன்னாள் அக்கா,
ஸுஹூர்