விறகுக் கொட்டிலுக்கு முன்னால் ஒரு படம்

2020 ஏப்ரல் 2, வியாழன்

ஊரடங்கு. பேக்கரி பூட்டு, பாண் இல்லை. ரொட்டி சுட்டேன். வட்டமாக வரவில்லை, இலங்கை வரைபடம் போல வந்தது. வீட்டில் நான் ஒருத்தி என்பதால் குறை சொல்லவும் ஆளில்லை.

சபைப் பெண்கள் ஐக்கியத்தின் நிவாரண வேலைக்கு என்னைச் செயலாளராக்கியிருக்கிறார்கள். தகுதி? நல்ல கமெரா உள்ள போன் வைத்திருப்பது. தலைவி, பக்கத்து வீட்டு நேசமலர் அக்கா, நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் ஓய்வுபெற்ற உப அதிபர். காசு அனுப்புவது அவருடைய மகன் ஜொனதன். ரொறன்ரோவில் சங்கம் வைத்திருக்கிறான். அரிசி, மா, பருப்பு, சீனி எல்லாம் உண்டு. நிபந்தனை ஒன்றே ஒன்று: பை வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் சங்கத்தின் பெயருக்கு முன்னால் படத்துக்கு நிற்க வேண்டும். படமெல்லாம் பேஸ்புக்கில் போகும்; படம் குறைந்தால் அடுத்த காசு வராது.

பனர் அடிக்கக் கடை ஏது? நேசமலர் அக்காவின் ரோசாப்பூப் போட்ட படுக்கை விரிப்பில் பெயின்ரால் எழுதினோம். சங்கத்தின் பெயர் பூக்களுக்குள் ஒளித்துப் பிடித்து விளையாடுகிறது.

ஏப்ரல் 6, திங்கள்

எங்கள் சபை ஹெக்டர் அண்ணையிடம் ஊரடங்குப் பாஸும் உண்டு, லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரமும் உண்டு. பின்பெட்டியில் அரிசிப் பைகளுக்கு நடுவில் நான், மடியில் விரிப்பு. கொழும்புத்துறைக் கடற்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் வீதியின் குழியெல்லாம் என் இடுப்புக்கு அறிமுகமாகிவிட்டன.

எல்லாரும் வாங்கினார்கள், படத்துக்கும் நின்றார்கள், சிலர் நிலத்தைப் பார்த்தபடி. அற்புதராணி மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவருகிறவள். தனியாளாக இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். கடல் இருக்கிறது, விற்கச் சந்தை இல்லை. அவள் வீட்டில் அடுப்பு மூட்டிய அடையாளமே இல்லை.

"படமெண்டால் வேண்டாம் ரீச்சர்."

"ஏன் பிள்ளை, ஒரு நிமிசம்தானே?"

"உங்கடை ஒழுங்கை ஆக்கள் எல்லாரும் பேஸ்புக் பாக்கிறவை. நான் கை நீட்டிக்கொண்டு நிக்கிறதைப் பாத்த சனம் நாளைக்கு என்னட்டை விலைக்கு மீன் வாங்குமோ? 'நாங்கள்தானே உனக்குச் சோறு போட்டனாங்கள், குறைச்சுத் தா' எண்டு கேக்கும். பிறகு நான் வாய் திறக்கேலுமோ?"

பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து லான்ட்மாஸ்ரரில் வைத்தாள். பிள்ளைகள் இரண்டும் அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றன.

அவள் சொன்னது பிழையென்று சொல்ல என்னால் முடியவில்லை. எங்கள் ஒழுங்கையை எனக்குத் தெரியும். என்னையும் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சோறு இறங்கவில்லை. படமெடுக்காமல் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம் — ஒரு படம் குறையும், ரொறன்ரோ கேட்கும், எல்லாருக்கும் நின்றுபோகும். என்ன சனியன் பிடிச்ச சட்டம் உது!

ஏப்ரல் 8, புதன்

நேசமலர் அக்காவிடம் சொன்னேன். அவரிடம் வழி இருந்தது.

"எல்லாரும் மாஸ்க் போட்டிருக்கினம்தானே? ஆர் ஆரெண்டு ஜொனதனுக்கு என்ன தெரியும்? அற்புதராணிக்குப் பதிலா நான் நிக்கிறன்."

உள்ளதில் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு தன் வீட்டு விறகுக் கொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார். ஹெக்டர் அண்ணை பை கொடுத்தார். அக்கா நின்ற நிமிர்வுக்கு, பை வாங்க வந்தவராக இல்லை, பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரதம விருந்தினராகத் தெரிந்தார்.

"கொஞ்சம் குனியுங்கோ அக்கா."

"நான் ஏன் குனியவேணும்?"

"நீங்கள் இப்ப ஏழையெல்லோ?"

"ஏழையெண்டால் முள்ளந்தண்டு இல்லையோ?"

ஹெக்டர் அண்ணை சிரித்த சிரிப்பில் பை கைதவறி விழுந்து பருப்பெல்லாம் கொட்டியது. மூன்று பேரும் குந்தியிருந்து பொறுக்கினோம். பிறகு படமெடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பினேன்.

பின்னேரம் அற்புதராணி வீட்டுக்குப் போனோம். அவள் முதலில் என் கைகளைத்தான் பார்த்தாள்.

"போன் எங்கை?"

"வீட்டை விட்டிட்டு வந்தனான்."

வாங்கினாள். நன்றி, கின்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இரவுச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறு

நேசமலர் அக்கா வீட்டில் சூம் ஆராதனை. அல்லேலூயா சொல்லி முடிக்கவில்லை, என் போனுக்கு ஜொனதனின் அழைப்பு.

"அன்ரி, எங்கடை விறகுக் கொட்டிலுக்கு முன்னாலை பையோடை நிக்கிறது அம்மாவெல்லோ? அந்தக் கதவுக்கு நீலம் அடிச்சதே நான்!"

படத்தைச் சங்கத்தின் பக்கத்தில் போட்ட பிறகுதான் கவனித்தானாம். அதற்குள் சொந்தக்காரர் கண்டுவிட்டார்கள். மாமிக்குச் சோத்துக்கு வழியில்லையோ, மகன் ஒண்டும் அனுப்பிறேல்லையோ என்று ரொறன்ரோ முழுக்க விசாரிப்பு. ஒரு சித்தி அழுதேவிட்டாராம்.

"எனக்கு வெளியிலை முகம் காட்டேலாமக் கிடக்கு அன்ரி!"

நான் மேசைக்குக் கீழே போகலாமா என்று பார்த்தேன். நேசமலர் அக்கா போனை வாங்கினார்.

"தம்பி, உன்னை ஏமாத்தினது பிழைதான். ஆனா அம்மாவின்ரை ஒரு படத்துக்கே உனக்கு இவ்வளவு வெக்கமெண்டால், மற்றப் படங்களிலை நிக்கிறவையின்ரை பிள்ளையளுக்கு எப்பிடி இருக்கும்?"

அவன் அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

ஏப்ரல் 16, வியாழன்

ரொறன்ரோவிலிருந்து மூச்சில்லை. அரிசி முடிகிறது. கெட்டித்தனம் காட்டப் போய் இத்தனை வீட்டுச் சோத்திலை மண்ணள்ளிப் போட்டிட்டேனே, கடவுளே!

ஏப்ரல் 20, திங்கள்

காசு வந்துவிட்டது! கூடவே ஜொனதனின் செய்தி: "இனிப் படம் வேண்டாம் அன்ரி. பழசுகளையும் அழிச்சிட்டன். மற்றச் சங்கக்காரரோடையும் கதைச்சுக்கொண்டிருக்கிறன், கொஞ்சப் பேர் ஓமெண்டினம், கொஞ்சப் பேர் சண்டைக்கு வருகினம். அம்மாவை மட்டும் இனி நடிக்க விடாதேங்கோ."

படுக்கை விரிப்பை இரண்டு தரம் தோய்த்தோம். பெயின்ற் போகவில்லை. நேசமலர் அக்கா இனி மகனின் சங்கத்தின் மேல்தான் படுக்க வேண்டும்.

மே 5, செவ்வாய்

கொழும்புத்துறைக்கு ஐந்தாவது தரம். இடுப்பு இன்னும் இருக்கிறது.

ஜூன் 3, புதன்

காலையில் வாசல் படலையடியில் அற்புதராணியின் குரல். சந்தை திறந்த பிறகு இன்றுதான் இந்தப் பக்கம் வருகிறாள். பெட்டி நிறைய நண்டு. விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது.

"கொஞ்சம் பாத்துச் சொல்லன் பிள்ளை."

"பாத்துத்தான் சொன்னனான் ரீச்சர். கட்டுமெண்டால் எடுங்கோ. முன் வீட்டிலையும் கேட்டவை."

பெட்டியைத் தூக்கப் போனாள். சொன்ன விலைக்கே வாங்கினேன்.

மத்தியானம் கறியைக் கொண்டுபோய் நேசமலர் அக்காவுக்குக் கொடுத்து, விலையையும் சொன்னேன்.

"குறைக்கேல்லையோ?"

"ஒரு சதம்கூட இல்லை அக்கா."

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.