பிரித்து ஒட்டி வந்த ஆறு பக்கம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் அக்கா வீட்டாரும் சௌக்கியம், என் இடது முட்டி மட்டும் எங்களோடு சேராமல் தனிக்கட்சி நடத்துகிறது. நீ அங்கே உடம்பிலும் மனசிலும் தெம்பாக இருக்கவேண்டும் என்பதே எங்களுக்கு எப்போதும் நினைப்பு.

கடையில் சாவி அராவும் வேலைக்கு நடுவே மூன்று நாளாக இதை எழுதுகிறேன். எழுத்துகள் ஒன்று குட்டை ஒன்று நெட்டையாக நிற்கின்றன, ஆனால் எல்லாம் நானே நிறுத்தியவை. முதியோருக்கு எழுத்து வகுப்பு நடத்தும் ஓய்வுபெற்ற நர்ஸம்மா நேற்றுகூட, "பேனாவை ஸ்க்ரூடிரைவர் மாதிரி அழுத்தாதீங்க ஐயா, அது எங்கயும் ஓடிடாது" என்றார். பஸ்ஸில் போகும்போது கண்ணில் படும் பலகையையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிறேன், அம்மா முழங்கையால் இடித்து, "ஊர்ல இருக்கிற போர்டெல்லாம் நான் கேட்டேனா, வாய மூடிட்டு வாங்க" என்கிறாள். மூட முடியவில்லை ராசா. எழுபத்தொரு வயதில் கிடைத்த வாய்.

பதினோரு வருஷமாக உன் கடிதங்களைப் பக்கத்துக் கடைத் தையல்காரர்தான் எனக்குப் படித்துக் காட்டினார் என்பது உனக்குத் தெரியும். மெஷின் ஓடும், பட்டன் வைக்க வந்தவர்கள் நிற்பார்கள், நடுவே உன் நாலு வரி. "உங்க பையன் கடிதம் எழுதறானா, தந்தி அடிக்கிறானா?" என்று அவர் கேட்பார், நானும் சேர்ந்து சிரிப்பேன். போனில் பேசினாலும் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவாள், அக்கா பிள்ளைகள் வரை கேட்டுக்கொண்டிருக்கும். நீ சுபாவத்திலேயே பேச்சு குறைந்தவன் என்று நினைத்திருந்தேன். இனிமேல் நானே படிப்பேன் என்று சொல்லி அனுப்பிய பிறகு ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய். அப்போதுதான் விளங்கியது, உனக்குப் பேச்சு குறைவில்லை, உனக்கென்று தனியாக ஒரு காதுதான் இங்கே இல்லாமல் இருந்திருக்கிறது.

இப்போது சொல்லப்போவதை உன்னிடம் மறைத்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உன் கடிதங்களை ஊர் கேட்கப் படிக்கவிட்டது முதல் குற்றம், இதை மறைத்தால் அது உனக்கு நான் செய்யும் இரண்டாவது குற்றமாகிவிடும். அந்த ஆறு பக்கம் என் கைக்கு வருமுன்னே வேறு யாரோ அதைப் பிரித்திருக்கிறார்கள்.

தபால் ஆபீசில் பார்சல் வந்திருப்பதாகச் சீட்டு வந்தது, போனேன். பெட்டியின் ஓரத்தைக் கிழித்து, 'சோதனைக்காகத் திறக்கப்பட்டது' என்று அச்சடித்த நாடாவால் ஒட்டியிருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் ஒரு தாளைத் தள்ளி, "இங்க ஒரு கையெழுத்து, வராதுன்னா மை டப்பா தரேன்" என்றார். இருப்பா, படித்துவிட்டுப் போடுகிறேன் என்று எழுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். பின்னால் நின்றவர், "என்ன, பரீட்சைக்குப் படிக்கிறாரா?" என்றார். முத்திரை குலையாமல் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்தது. குலைந்திருக்கிறதே என்றேன். "அது சும்மா அச்சடிச்சது, எல்லாரும் போடறாங்க" என்றார். சும்மா அச்சடித்ததில் நான் சும்மா கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன், வரிசையே சிரித்தது, ஆனால் யாரும் என்னை நகரச் சொல்லவில்லை.

மேலதிகாரி அம்மா வந்தார். அவர் முன்னாலேயே பெட்டியைப் பிரித்தேன். உன் அம்மாவுக்கு நீ அனுப்பிய சால்வை, எனக்கு அனுப்பிய கண்ணாடி எல்லாம் பத்திரம். உன் கடித உறை மட்டும் மேலே அறுபட்டிருந்தது, உள்ளே ஐந்தாம் பக்கம் முதலில் இருந்தது. அவர், "பார்சலைப் பிரிச்சுப் பார்க்கலாம் பெரியவரே, அதுக்கு விதி இருக்கு. உள்ள ஒட்டின கடிதம் இருந்தா கோர்ட் உத்தரவு இல்லாம அதைப் படிக்கக் கூடாது" என்றார். அப்படியானால் பக்கத்தை மாற்றி அடுக்கியது யார் என்றேன். பார்ப்பதற்காகக் கை நீட்டினார், நான் கொடுக்கவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, "சரிதான், நீங்களே எண்ணிப் பாருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனுஷி. புகார் தாளும் அவரே கொடுத்தார். கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் 'முத்திரை குலையாமல்' என்ற வரியை அடித்து, 'பிரித்து ஒட்டி வந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புகாருக்கு இன்னும் பதில் இல்லை. படித்தது யார் என்று தெரியாமலே போகலாம்.

நான் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்று நீ நினைப்பாய். நீ சின்னவனாக இருந்தபோது அதிகாரிகள் இரண்டு பேர் கடைக்கு வந்து ஒரு தாளைக் காட்டி, மாடி அறை ஒன்றைத் திறந்துவிடச் சொன்னார்கள். சொந்தக்காரர் பக்கத்தில் இல்லாமல் பூட்டில் கை வைக்காதவன் நான். அன்று முத்திரையைப் பார்த்துப் பயந்து இரண்டே நிமிஷத்தில் திறந்துவிட்டேன். மேஜையிலிருந்து ஒரு கட்டுக் கடிதங்களை எடுத்துப் போனார்கள். அங்கே குடியிருந்த கணக்கு வாத்தியார் மறுநாள் கடைக்கு வந்து, திட்டக்கூட இல்லை, "அந்தப் பேப்பர்ல என்னங்க எழுதியிருந்தது?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் படிக்கத் தெரியாது என்றேன். திரும்பிப் போய்விட்டார். அந்த மாதமே அறையைக் காலி செய்தார். இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இந்தக் கடிதத்தையும் யாராவது பிரிப்பார்களானால் படிக்கட்டும். இது என் தப்பு, யாரிடம் திறந்து காட்டுவது என்பது என் இஷ்டம்.

பெட்டியைச் சோதிப்பதே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. கெட்டதும் பெட்டியில்தான் வருகிறது. சால்வையை உதறிப் பார்க்கட்டும், கண்ணாடியைப் போட்டுக்கூடப் பார்க்கட்டும். குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டு அழுதால் நானும் யாரையும் கேட்காமல்தான் பூட்டை உடைப்பேன். ஆனால் கதவைத் திறந்தவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும், அலமாரியைக் குடையக் கூடாது.

நீ எழுதியதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அம்மா, "ஆறு பக்கத்துக்கு 'நல்லா இருக்கான்'னு ரெண்டு வார்த்தைதானா? தையல்காரரே தேவலாம்" என்று முறைத்துக்கொண்டு இருக்கிறாள். அவளிடம் சொல்லலாமா என்று நீதான் எழுதவேண்டும். அதுவரை முறைப்பை நான் தாங்கிக்கொள்கிறேன். இப்படி ஆகிவிட்டதே என்று பழையபடி நாலு வரிக்குத் திரும்பிவிடாதே ராசா, எனக்கு அந்தப் பயம் ஒன்றுதான். கடைசிப் பக்கத்தில் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்வியை இங்கே நான் திருப்பி எழுதமாட்டேன், அது உன்னுடையது. பதில் மட்டும் என்னுடையது, அதை எழுதுகிறேன். சரி. முழு மனதோடு சரி. நீ எழுதியதைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை.

எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீண்ட ஆயுளோடு இரு. இனிமேல் கடிதத்தைப் பார்சலுக்குள் போடாதே, தனி உறையில் நன்றாக ஒட்டி அனுப்பு. எத்தனை பக்கமானாலும் எழுது. நான் மெதுவாகத்தான் படிப்பேன், ஆனால் தனியாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா