பிங்கிக்குப் பாதி மாத்திரை

இன்று காலை மருந்துக்கடையில் எனக்கும் ஒரு தைராய்டு மாத்திரை டப்பா கொடுத்தார்கள். "வெறும் வயித்துல போடுங்க மேடம்" என்றார் கடைக்காரர். உன் நினைவு வந்து சிரித்துவிட்டேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அவர் இன்னொரு முறை சொன்னார்.

ஆம்பூரில் உன் வீட்டு வாசலில் கட்டியிருந்த வெள்ளாடு பிங்கி. நீ ஷூ கம்பெனியிலிருந்து திரும்பும்போது தெருமுனையிலேயே உன்னை அறிந்து கத்தும். அந்த வருடம் அது இளைத்து, தாடை வீங்கி, படுத்தே கிடந்தது. வேலூர் ஆய்வகத்தில் நான் அப்போது ஆடுகளின் ஹார்மோன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் ரத்தத்தைச் சோதித்துவிட்டு உனக்கு போன் செய்தேன்.

"தைராய்டு கம்மியா இருக்கு. புழுக்கை கொண்டா, பாத்துட்டுதான் காரணம் சொல்வேன்."

நீ முதல் வாக்கியத்தோடு கேட்பதை நிறுத்திக்கொண்டாய். தைராய்டு கம்மி என்றால் என்ன செய்வதென்று, பல வருடமாக மாத்திரை போடும் உனக்குத் தெரியாதா?

புழுக்கை வரவேயில்லை. ஒரு மாதம் கழித்து நானே வந்தேன். நீயும் பிங்கியும் ஒரே சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தீர்கள். உன் முகம் உப்பி, குரல் கரகரத்திருந்தது.

"மாத்திரை போடறியா இல்லியா?"

"போடறேனே. பாதி எனக்கு, பாதி அதுக்கு."

"இன்னாது?"

"வெறும் வயித்துலதான் குடுக்கறேன், டாக்டரம்மா. அப்பறம் அரை மணி நேரம் தழையே காட்டறதில்ல."

பள்ளிக்கூட நாளிலிருந்து பழகியும், உன்னை நான் திட்டியது அன்று ஒரு நாள்தான். பிங்கியின் கண்ணிமையை விலக்கினேன், உள்பக்கம் ரத்தமே இல்லாமல் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. வயிறு நிறைய ரத்தம் குடிக்கும் புழு. உடம்புக்கு ஒன்றும் சேராதபோது, இருப்பதை வைத்துப் பிழைக்க உடம்பே தைராய்டைக் குறைத்துக்கொள்கிறது என்று விளக்கினேன்.

"அது அடுப்பைச் சிம்ல வெச்சிருக்கு. நான் போய்ப் பெருசா திருகிட்டனா?" என்றாய்.

பாதி மாத்திரை ஆட்டை ஒன்றும் செய்திருக்காது. ஆனால் ஒரு மாதம் போய்விட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பிங்கியும் போயிருக்கும்.

அன்றே புழுமருந்து ஊற்றினோம். பிங்கி மெல்லத் தேறியது. உனக்குத்தான் நாள் ஜாஸ்தி பிடித்தது. "அதுக்கு ஊத்தினதையே எனக்கும் ஊத்தேன்" என்று பேஜார் செய்தாய்.

போன வருடம் நீ போனது மாரடைப்பில். தைராய்டால் இல்லையே என்று உன் டாக்டரிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்.

இப்போதெல்லாம் ஆட்டுக்காரர்களிடம் முடிவைச் சொன்னதும், "வூட்டுக்குப் போய் இன்னா பண்ணப் போறீங்க, சொல்லுங்க" என்று கேட்காமல் அனுப்புவதில்லை. பொறுமையான டாக்டர் என்கிறார்கள். பொறுமையெல்லாம் இல்லை, பயம். எந்த வீட்டில் யார் தன் மாத்திரையை இரண்டாக உடைத்துக்கொண்டிருக்கிறார்களோ.