ஒற்றையாள் தோணி

ஆகஸ்ட் 9

சௌனா நீராவி அறையில் சூடு ஏறிக்கொண்டிருந்தபோது வெய்க்கோ சொன்னான்: "ஹில்கா, நீ உனக்குன்னு ஒரு ஒற்றையாள் தோணி வாங்கிக்கோ." ஏதோ செருப்பு வாங்கிக்கொள் என்பதுபோல. சொல்லிவிட்டு, கொதிக்கும் கல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றி ஆவிக்குள் மறைந்துகொண்டான். கெட்டிக்காரன்.

மே மாதம் ஏரியின் குறுகலில் தோணியைப் பாறைமேல் ஏற்றினானே, அன்றைக்கே இது வருமென்று எனக்குத் தெரியும். நான் முன்னால் இருந்து "இடது பக்கம் கல்!" என்று கத்தினேன். திருப்பினான். அதற்கு அடுத்த கல்லில் கொண்டுபோய் மோதினான். அவனுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது, ஓரம்தான் தெரிகிறது. என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதைப் பார்க்கிறான். அன்றிலிருந்து துடுப்பைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 10

காலையில் காபி குடிக்கும்போது கேட்டே விட்டேன். "நாம இடம் மாத்திக்கலாமே. நீ முன்னால உக்காரு."

"அப்ப துப்பாக்கி யார் கையில? என் கையிலயா? பின்னால இருந்து என் தலைக்கு மேல நீ சுடுவியா?"

எங்கள் தோணியில் முன்னால் இருப்பவர்தான் சுடலாம், பின்னால் இருப்பவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது. எங்களுக்குக் கல்யாணமான வருடம் அவன் போட்ட சட்டம். சுடுவது நான், தோணியைச் செலுத்துவது அவன். இத்தனை வருடமும் அப்படித்தான்.

"நீ வாத்து சுடலன்னா குளிர்காலம் முழுக்கக் கடைக்கோழிதான்" என்றான்.

"தின்னா செத்துடுவியா?"

"நீ செத்துடுவே. செப்டம்பர்ல வேட்டைக்கு விடாம உன்னை வீட்டுல கட்டிப்போட்டா நீ என்ன ஆவேன்னு எனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். அதுதான் எரிச்சல்.

ஆகஸ்ட் 16

பக்கத்து வீட்டு லார்னின் தோணியை எடுத்துப் பார்த்தேன். ஒல்லி. இறகு மாதிரி எடை, ஒரு கையால் தூக்கினேன். துடுப்பை ஒருமுறை போட்டதும் ஓடியது. எனக்கு ஒரே குஷி. அப்புறம் வெய்க்கோ கரையிலிருந்து, தோணியைச் சோதிக்க, "இடது பக்கம் வாத்து எழும்புது, சுடு!" என்றான். கையிலிருந்த துடுப்பையே துப்பாக்கியாக வைத்துத் திரும்பினேன். அடுத்த நொடி தண்ணீருக்குள் இருந்தேன்.

லார்ன் சிரித்த சிரிப்பு ஏரி முழுக்கக் கேட்டிருக்கும். "வாத்துக்கு ஒண்ணும் ஆகல, ஹில்கா!"

வெய்க்கோ சிரிக்கவில்லை. அலறலும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும்தானே அவனுக்குக் கேட்டது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் துழாவிக்கொண்டு நின்றான். "இங்கதான் இருக்கேன்டா, மடையா" என்றேன். கையைப் பிடித்தான். பிடி வலித்தது.

ஆகஸ்ட் 17

தோள் வலி. எழுத முடியவில்லை.

ஆகஸ்ட் 23

இரண்டாவது தோணி, டவுனில் ஒருவரிடம். தட்டையான அடி, கட்டில் மாதிரி ஆடாமல் நிற்கிறது. எழுந்து நின்றே தூண்டில் வீசலாம். ஆனால் என்னால் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. காற்று வந்ததும் பக்கவாட்டில் நகர்ந்து நாணலுக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

"இது நல்லா இருக்கு, கவிழாது" என்றான் வெய்க்கோ.

"கவிழாது. வீட்டுக்கும் வராது."

எனக்கு ஏன் இத்தனை கோபம்? இவனுக்கு ஏன் இத்தனை அவசரம்? என்னைத் தனியே அனுப்பிப் பழக்குகிறானா? அவன் இல்லாத காலத்துக்கு இப்போதே ஒத்திகை பார்க்கிறானா? கேட்டால் அழுதுவிடுவேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 6

வாங்கிவிட்டேன். ஒல்லியும் இல்லை, தட்டையும் இல்லை. இருக்கை தாழ்வு, கால்மாட்டில் ஒரு மூட்டைக்கு இடம். திரும்பிச் சுடுவதுபோல் பாவனை செய்தால் சற்றே சாய்ந்து, அதோடு நின்றுவிடுகிறது. தூக்கித் தோளில் வைக்கவும் முடிகிறது. வெய்க்கோ விளிம்பு முழுக்கக் கையால் தடவிப் பார்த்தான், இருக்கைக் கயிற்றை இழுத்துப் பார்த்தான். "சரி" என்றான். ஏலக்காய் ரொட்டி சுட்டேன். கொண்டாட்டம் என்று பெயர்.

செப்டம்பர் 14

தினமும் பயிற்சி. நேராகப் போவதே பெரிய வித்தை! ஒவ்வொரு முறை போட்டு முடிக்கும்போதும் துடுப்பைச் சற்றுத் திருப்பித் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் தோணி வட்டம் அடிக்கிறது. பின்னால் இருந்து இத்தனை வருடமும் இதைத்தான் செய்தானா? ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஹில்கா, துடுப்பு போடறியா, சவாரி போறியா?" என்று கேட்டது மட்டும்தான்.

செப்டம்பர் 20

முதல் வேட்டை. வெய்க்கோ கரையில் தோணியின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றான். விடவே இல்லை. "விடு" என்றேன். அப்புறம்தான் விட்டான்.

இரண்டு வாத்து. குறி தப்பவில்லை. ஆனால் குறுகலுக்குள் நுழையும்போது, "இடது பக்கம் கல்!" என்று உரக்கக் கத்திவிட்டேன். தனியாக. யாருக்கு? நான்தானே பார்த்தேன், நான்தானே திருப்பினேன். திருப்பிய பிறகும், பின்னாலிருந்து வரும் "ம்" என்ற உறுமலுக்காகக் காது காத்திருந்தது. அழுதேன். எழுதத்தான் செய்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள்.

வீட்டில் வாத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தான். "எப்படி எழும்புச்சு? எந்தப் பக்கம்? காத்து எங்கேருந்து?" ஒவ்வொன்றாகக் கேட்டான். சாப்பிடும்போது பாதியில் நிறுத்தி, "கல்லு ரெண்டும் அங்கேயேதான் இருக்கா?" என்றான்.

செப்டம்பர் 28

நான் ஒரு முட்டாள். மூன்று வாரமாகத் தோணியைச் செலுத்திக்கொண்டு இருக்கிறேன். செலுத்தத் தெரிந்துவிட்டது. துப்பாக்கியை ஒரு நாள் வீட்டில் வைத்தால் என்ன?

அக்டோபர் 4

எங்கள் இருவரின் பழைய பச்சைத் தோணியை நானே தண்ணீரில் தள்ளினேன். "முன்னால உக்காரு" என்றேன்.

"துப்பாக்கி?"

"அலமாரியில தூங்குது. இன்னைக்கு மீன் மட்டும்தான். வாத்துக்கு என் தோணி இருக்கு."

"முன்னால இருக்கறவன்தான் கல் பார்க்கணும். நான் எதைப் பார்க்கிறது?"

"உன் ஓரத்துல வர்றதைச் சொல்லு. மீதியை நான் பார்த்துக்கறேன்."

முனகிக்கொண்டே ஏறினான். முட்டியை மடக்க இடம் போதாதாம். "அங்க உக்காந்துதான் எனக்கு இடுப்பே போச்சு, இப்ப உன் முறை" என்றேன்.

ஏரி நடுவில் வந்த பிறகுதான் உறைத்தது: இவன் துடுப்புப் போடுவதை நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருடமும் என் பின்னால் அல்லவா இருந்தான். இவ்வளவு அகலமான முதுகா? நான் பின்னிய சாம்பல் ஸ்வெட்டரில் இடது தோளுக்குக் கீழே ஒரு வரிசை தப்பு. என் கண்ணில் படவே இல்லையே. நான் என் சங்கடத்தை மறைக்க, "வெய்க்கோ, துடுப்பு போடறியா, சவாரி போறியா?" என்றேன். முதுகு குலுங்கியது. சிரிக்கிறான்.

ஒரு பிக்கரல் மீன் பிடித்தான். நல்ல கனம். அதன் செதிலைத் தடவிக்கொண்டே இருந்தான்.

திரும்பும்போது குறுகல். துடுப்பை நிறுத்தித் தலையைச் சாய்த்தான். அப்புறம் மே மாதத்துக்குப் பிறகு நான் கேட்காத குரலில், "வலது பக்கம் கல்!" என்றான்.

பார்த்தேன். கல் இல்லை, ஒரு வாத்து. கொழுத்த, கறுத்த வாத்து. அசையாமல் மிதந்துகொண்டிருந்தது, சுட்டால் ஒரே குண்டில் விழும் தூரத்தில்.

"ம்" என்று உறுமினேன். தோணியை நன்றாக இடது பக்கம் திருப்பி, அவன் சொன்ன கல்லைச் சுற்றிக்கொண்டு போனேன்.

பாதி தாண்டியதும் அது படபடவென்று எழும்பிப் பறந்தது. அவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஹில்கா, கல்லு பறக்குது."

"பறக்கட்டும்" என்றேன். "அடுத்த கல்லைப் பாரு."