ரசீதின் தலையில் அச்சாகும் சொல்லை நீக்கக் கோரி

அனுப்புநர்:
தையல் கடை உரிமையாளரின் மகள்,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில்,
மருந்துக் கடைக்கு அடுத்த கதவு.
(கடையின் பதிவுப் பெயரை இங்கே எழுதவில்லை. காரணம் கீழே.)

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
சிறுதொழில் உரிமப் பதிவு அலுவலகம்.

பொருள்: தையல் கடை – பதிவுப் பெயர் மாற்றம் – உரிமையாளர் வாய் திறந்து சம்மதம் சொல்லவில்லை என்று விண்ணப்பம் திருப்பப்பட்டது – மறுபரிசீலனை வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. என் தாயாரின் பெயர் மாற்ற விண்ணப்பம். 2. அதன் ஓரத்தில் தங்கள் பிரிவு எழுத்தர் சிவப்பு மையில் எழுதிய குறிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவைப் படித்து முடிக்க ஒரு டீ ஆறுகிற நேரம் ஆகும். அதுவரை பொறுத்துக்கொள்ளும்படி முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். பாதியில் மேசை ஓரத்துக்குப் போன மனுக்களை உங்கள் அலுவலகத்தில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

1. எங்கள் கடையின் பதிவுப் பெயர் ‘ஊமச்சி தையல் கடை’. அந்தச் சொல்லை இந்த ஓர் இடத்தில் மட்டும் எழுதுகிறேன். இனி ‘அந்தப் பெயர்’ என்றே குறிப்பிடுவேன். என் தாயார் பிறவியிலேயே காது கேளாதவர், அதனால் வாய் பேசாதவர். அந்தப் பெயரை அவர் வைக்கவில்லை. உங்கள் அலுவலகம் வைத்தது.

2. நான் பிறப்பதற்கு முன்பு அம்மா உரிமம் கேட்டு அங்கே வந்தார். அப்போது அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவர் ஒருவர் துணைக்கு வந்தார். கடைக்கு என்ன பெயர் என்று அன்றைய எழுத்தர் கேட்டதும், ஏதோ கேட்கிறார்கள் என்று புரிந்து, அம்மா துணியை மெஷினில் தள்ளுவதுபோலக் கைகளைக் காட்டியிருக்கிறார். மனு எழுதுகிறவர் குறுக்கே புகுந்து, “அதுகிட்ட போய் என்ன சார் கேக்கறீங்க? தெருவுல எப்படிக் கூப்பிடறாங்களோ அதையே போட்டுடுங்க, அடையாளத்துக்கு ஆச்சு” என்றாராம். எழுத்தர் போட்டுவிட்டார். இதை அந்த மனு எழுதுகிறவரே பல வருடம் கழித்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், ஏதோ உதவி செய்த பெருமையில். தன் சொந்தப் பெயரைத்தான் எழுதுகிறார்கள் என்று நினைத்து அம்மா அன்று சிரித்தபடி நின்றிருந்தார். அந்தச் சிரிப்பை அம்மாவே இப்போதும் நடித்துக் காட்டுவார். எனக்குப் பார்க்கப் பிடிக்காது.

3. நான் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், வெட்டுமேசைக்கு அடியில் உட்கார்ந்து நான் எழுதிய எழுத்துகளை அம்மாவும் கூடவே எழுதிப் பழகினார். என்னைவிடச் சீக்கிரம் படித்தார். ஒரு நாள் சுவரில் மாட்டியிருந்த உரிமச் சான்றிதழின் முன் வெகுநேரம் நின்றார். மறுநாள் அந்தப் பெயர் இருந்த வரியின் மேல் ஒரு லைனிங் துணிப் பட்டை ஒட்டியிருந்தது. சோதனைக்கு வரும் ஆய்வாளர், “சான்றிதழ மறைக்கிறது குத்தம், தெரியுமா?” என்பார். நான் பட்டையைக் கிழிப்பேன். அவர் தெருமுனையைத் தாண்டியதும் அம்மா புதுப் பட்டை ஒட்டுவார். ஒவ்வொரு சோதனையின்போதும் இது நடக்கும். வெளிப் பலகையில் எழுத்தே கிடையாது, ஒரு கத்தரிக்கோல் படம் மட்டும். இப்படியாக யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

4. இந்த வருடம் புது விதி வந்தது. ஒவ்வொரு ரசீதின் தலையிலும் பதிவுப் பெயர் அச்சாக வேண்டும். ரசீது மெஷினில் பெயரை ஏற்றியவரும் உங்கள் ஆள்தான். இப்போது ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக் கொடுத்தாலும், அம்மா தன் கையாலேயே அந்தப் பெயரைக் கிழித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கல்லூரிக்குப் போகிற பெண் ஒருத்தி ரசீதைப் பார்த்துவிட்டு, “என்னக்கா இது, நிஜமாவே இதான் கடைப் பேரா?” என்று என்னிடம் கிசுகிசுத்தாள். கிசுகிசுத்தால் காதுக்குத்தான் கேட்காது. அம்மா உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர். அன்றிலிருந்து ரசீதின் தலையை உள்பக்கமாக மடித்துத்தான் நீட்டுகிறார். நான்கு மாதமாக மடித்துக்கொண்டிருக்கிறார், ஐயா.

5. எனவே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தார். கேட்ட பெயர் ‘இரட்டைத் தையல் கடை’. அக்குளிலும் தொடை இடுக்கிலும் அம்மா எப்போதும் இரண்டு தையல் போடுவார். ஏன் என்று கேட்பவர்களிடம், “கிழியிற சத்தம் எனக்குக் கேக்காது. அதான் கிழியாத மாதிரி தைக்கிறேன்” என்று கைகளால் சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். விண்ணப்பத்தை வாங்கிய எழுத்தர், “இதென்னம்மா பேரு? அன்பு, கருணை, அந்த மாதிரி நல்லதா வைக்கக் கூடாதா?” என்று என்னிடம் கேட்டார். கருணை என்ற பெயரில் பேண்ட் தைக்க அம்மாவுக்கு விருப்பம் இல்லை என்று பணிவாகச் சொன்னேன்.

6. விதிப்படி ஆட்சேபம் கோரும் அறிவிப்பைக் கடைக் கதவில் ஒட்டினோம். ஒரே ஓர் ஆட்சேபம் வந்தது, பக்கத்து மருந்துக் கடை அண்ணனிடமிருந்து. அவர் கெட்டவர் இல்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையோடு வீட்டு வாசலில் நிற்பவர். ஆனால் அவர் கடை பில்லிலும் அட்டையிலும் முகவரியே எங்கள் கடையை வைத்துத்தான் போட்டிருக்கிறார். “பேர மாத்திட்டா நான் எப்படிம்மா வழி சொல்வேன்? பஸ் கண்டக்டரே அந்தப் பேரச் சொல்லித்தான் ஆளை எறக்குறாரு. அது என்ன திட்டா? செல்லமா கூப்பிடறதுதானே!” என்றார்.

அம்மா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வலது கையை இடது காதருகே கொண்டுபோய், அங்கிருந்து ஒரு கொத்து முடியை எடுத்து, உச்சந்தலைக்கு மேலாக மறுகாது வரை படிய வைத்து, இரண்டு தட்டுத் தட்டினார்.

“என்ன சொல்றாங்க?” என்றார் அண்ணன்.

“உங்க பேருண்ணே. அம்மா வச்சது. செல்லமாத்தான்.”

“எப்பலேர்ந்து?”

“நீங்க இங்க கடை போட்டதிலேர்ந்து.”

அவர் கை தானாகவே தலைக்குப் போனது. அன்று மாலையே ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் நகலை இணைத்திருக்கிறேன்.

இந்த மனுவில் உரையாடல் எழுதியதற்கு மன்னிக்கவும். வேறு எப்படி எழுதினாலும் நடந்தது நடந்தபடி வராது. உங்கள் அலுவலகத்தில் உள்ளவர்களுக்கும் அம்மா கையால் பெயர் வைத்திருக்கிறார். அவற்றை விவரிப்பது முறையல்ல. ஆனால் அவற்றில் ஒன்றுகூட யாருடைய அடையாள அட்டையிலும் அச்சாகவில்லை. பட்டப்பெயர் எல்லோரும்தான் வைக்கிறோம். அதை அச்சடித்து, முத்திரை குத்தி, மறைத்தால் குற்றம் என்று சொல்லும் அதிகாரம் அம்மாவிடம் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

7. ஆட்சேபம் நீங்கிய பிறகு மிச்சமிருந்தது உரிமையாளரின் சம்மதம். கவுன்டருக்குப் போனோம். “பேர் மாத்தச் சம்மதம்னு உங்க வாயால சொல்லணும்மா” என்றார் எழுத்தர். அம்மா காகிதத்தில் எழுதி நீட்டினார். “இது எழுத்தும்மா. விதியில வாய்மொழின்னு இருக்கு.” அம்மா கைகளால் சொல்வதை நான் சொல்கிறேன் என்றேன். “நீ மக. நாளைக்குக் கடை உனக்குத்தான வரும்? நீயா எதையாவது சொன்னா?” என்றார். அந்தச் சந்தேகம் நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் கைமொழி தெரிந்த அலுவலர் ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றேன். அப்படி ஒரு வேலையே இங்கே கிடையாது என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள்.

எழுத்தர் குரலைத் தாழ்த்தி, கோப்பைக் கட்டியபடியே, ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: “விடும்மா. அவங்களுக்குத்தான் காதே கேக்காதே, எந்தப் பேரா இருந்தா என்ன?”

அவர் முகம் கோப்பின் பக்கம் குனிந்திருந்ததால் அம்மாவுக்கு அது தெரியவில்லை. என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டார். சாப்பாட்டு நேரமாம் என்று கை காட்டினேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

8. ஐயா, அந்தப் பெயரைப் பதியும்போது அம்மா வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அன்று வழியில் வந்த ஒரு மூன்றாம் மனிதனின் வாய் போதுமாக இருந்தது. அதை எடுக்க மட்டும் அம்மாவின் வாய்தான் வேண்டும் என்கிறீர்கள். இதற்கு மரியாதையான ஒரு சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. அநியாயம் என்றே எழுதுகிறேன்.

கடைவீதியில் இருக்கும் பெரிய ஜவுளிக் கடை போன வருடம் பெயர் மாற்றியது. முதலாளி வெளிநாட்டில் இருக்கிறார். வக்கீலிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, பெயர் மாறியது. இதை எழுத்தரே பேச்சுவாக்கில் சொன்னார். அந்த முதலாளியின் வாயை உங்கள் கவுன்டர் பார்த்ததே இல்லை. நான்கு மாடி இருந்தால் எழுத்து போதும், ஒற்றை ஷட்டர் என்றால் வாய் வேண்டும் என்று எந்த விதியிலாவது இருந்தால், அந்தப் பக்கத்தின் நகலைத் தந்து உதவவும்.

9. அவசரத்துக்குக் காரணம் இது. வரும் வியாழக்கிழமையோடு உரிமம் முடிகிறது. அதற்குள் அந்தப் பெயரிலேயே புதுப்பித்துக்கொள்ளும்படி அறிவிப்பு வந்திருக்கிறது. ஒரு முறை புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருடம். புதுப்பிக்காவிட்டால் ஷட்டருக்குச் சீல்.

அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். சும்மா மிரட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். போன வாரத்திலிருந்து புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிட்டார். அளவு கொடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறார். அலமாரியில் ஏற்கெனவே இருக்கும் துணிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தைத்து முடிக்கிறார். அலமாரி காலியாகிக்கொண்டே வருகிறது. எங்கள் கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் அக்கா என்னைத் தனியாக அழைத்து, “நான் வேற எடம் பாக்கணுமா பாப்பா? நேராச் சொல்லிடு” என்று கேட்டார்.

இப்போதைக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் நானும் சொல்லிப் பார்த்தேன். “உன் கல்யாணப் பத்திரிகையில உன் பேருக்குப் பதிலா அதப் போடட்டுமா?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் பேச்சில் தோற்பது எப்போதும் பேசத் தெரிந்தவள்தான்.

10. ஆகவே ஐயா, நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. என் தாயார் தன் கைப்பட எழுதித் தரும் சம்மதத்தை வாய்மொழியாக ஏற்று, வியாழக்கிழமைக்குள் பெயரை மாற்றி உத்தரவிட வேண்டும். மகள் மேல் சந்தேகம் என்றால் நான் இல்லாத நேரத்தில் யாரையாவது கடைக்கு அனுப்புங்கள். ஒரு பேனாவும் காகிதமும் கொண்டுவந்தால் போதும். எழுத்தை ஏற்க இயலாது என்றால், அதையாவது காரணத்தோடு எழுதி, உங்கள் கையெழுத்தோடு அனுப்புங்கள். உங்கள் பதிலும் எழுத்தில்தான் வரும் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

எழுத்தர் மேல் நடவடிக்கை எதுவும் கேட்கவில்லை. அவரும் தனக்குக் கொடுத்த விதியைத்தான் வாசிக்கிறார். விதியை எழுதுகிற இடத்தில் இருப்பவர் நீங்கள் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்த மனுவை அம்மா படித்து, கீழே தன் சம்மதத்தை எழுதுவதற்காக மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். பிறகு நான் அதில் ஓர் எழுத்தும் மாற்றமாட்டேன்.

இப்படிக்கு,
நீதி கிடைக்கும் என்று இன்னும் எண்ணும்
(ஒப்பம்)
உரிமையாளரின் மகள்

நாள்: திங்கட்கிழமை
இடம்: கடை

உரிமையாளர் எழுதுவது:

மகள் எழுதியதைப் படித்தேன். கோபம் கொஞ்சம் அதிகம். தப்பு ஒன்றும் இல்லை. கடை என்னுடையது. பேரை மாற்றச் சொல்வது நான். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மகள் பக்கத்தில் இல்லை. பால் வாங்கப் போயிருக்கிறாள்.

கவுன்டரில் அந்த ஆள் சொன்னதை அவள் என்னிடம் மறைத்துவிட்டாள். இங்கே படித்துத் தெரிந்துகொண்டேன். எனக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இன்னும் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் எழுதிக் கேளுங்கள். பதில் எழுதுகிறேன். வியாழக்கிழமை வரை கடை திறந்திருக்கும்.

(ஒப்பம்)
உரிமையாளர்