கார்ப்புரேட்டருக்குக் கீழே ஒரு தகடு

மே 5, 2025, திங்கள்
எண்ணூர் நெடுஞ்சாலையில் கார் மறுபடியும் நின்றது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இருபது நிமிஷம் ஊர்ந்தோம். அப்புறம் இன்ஜின் இருமி அணைந்தது. என் வீட்டுக்காரர் வில்சன் பானட்டைத் திறந்தார். கார்ப்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து வழிந்து, கீழே பழுக்கக் காய்ந்த சைலன்சர் குழாயில் சொட்டி — குப்பென்று தீ. பின்னால் நின்ற லாரி டிரைவர் தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்து அணைத்தார். வில்சனுக்குக் கையில் கொப்புளம். வேறொன்றுமில்லை.

மே 6
"வித்துடலாம் ஜானட்" என்றார். அவ்வளவுதான்.

மே 11, ஞாயிறு
அவர் வேலை பார்த்த கம்பெனி மூடி எட்டு மாதம். ஐம்பத்திரண்டு வயசு ஆளை யாரும் கூப்பிடவில்லை. இந்த ரெண்டு சீட்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத்தான் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போது அதற்கும் தார்ப்பாய் போட்டாச்சு. பூசைக்கும் வரவில்லை. நான் இன்னா பண்றது, மாதாவே?

மே 17, சனி
அனல்மின் நிலையத்தில் பதினாறு வருஷமாக நீராவிக் குழாய்களுக்குச் சூடு தடுக்கும் போர்வை சுற்றுகிறேன். காருக்கும் அதே மாதிரி ஒரு தடுப்பு வைக்கலாம் என்று ஏன் முன்னாடியே தோணவில்லை? அவரிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.
"உன் பாய்லர் வேற, என் வண்டி வேற."
"சூடு ஒண்ணுதான்யா."

மே 18, ஞாயிறு
காரின் மேலிருந்த தார்ப்பாயை நானே உருவி எடுத்தேன். சூப்பர்வைசர் அருள்நாதனிடம் கேட்டு, சூடு அளக்கும் கருவி கொண்டுவந்திருந்தேன். இன்ஜின் ஓடும்போது கார்ப்புரேட்டரில் நாற்பத்தெட்டு டிகிரி. அணைத்தேன். பத்து நிமிஷத்தில் எழுபத்தொன்று. வில்சன் பின்னால் வந்து நின்றிருந்தார்.
"அணைச்சப்புறமா ஏறுது?"
"ஓடிகினு இருந்தா காத்து சூட்டை இழுத்துகினு போயிடும். நின்னுட்டா உள்ளயே தங்கிடுது."
காரைத்தான் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். அப்படியே குந்திக்கொண்டு அழுதார். எட்டு மாதத்தில் முதல் தடவை. நானும்தான்.

மே 25, ஞாயிறு
அலுமினியத் தகட்டை அவர் வெட்டி வளைத்தார். அதன் அடிப்பக்கம் நான் போர்வை வைத்துக் கட்டினேன். குழாய்க்கும் கார்ப்புரேட்டருக்கும் நடுவே சுவர் மாதிரி நிற்கிறது. பெட்ரோல் சொட்டினாலும் குழாயில் விழாமல் ஓரமாக வழிய ஒரு மடிப்பு. அது அவர் யோசனை. ஆக்சிலரேட்டர் கம்பி இடித்ததால் மூன்று தடவை கழற்றி மாட்டினோம். "சரியா புடியேன்" என்று கத்தினார். அவர் கத்திக் கேட்டு எவ்வளவு நாளாச்சு.

ஜூன் 1, ஞாயிறு
காரை எடுத்துக்கொண்டு போனோம். திருவொற்றியூரில் லாரி நெரிசல். முக்கால் மணி நேரம். ஒரு தடவை இருமியது, என் உயிர் போய் வந்தது. ஆனால் நிற்கவில்லை.

ஜூன் 2, திங்கள்
காலையில் என்னை வேலைக்குக் கொண்டுவந்து விட்டார். கேட்டில் வாட்ச்மேன் அலெக்ஸாண்டர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
"இந்த வெயில்ல சூடாவலயா நைனா?"
வில்சன் பானட்டைத் திறந்து காட்டினார். "எங்க வூட்டம்மா ரோசனை. இன்னா டவுட்டா இருந்தாலும் அவங்களாண்ட கேளு."
ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.